அரசியல் நூலுக்கு எந்தக் குரல்: மனிதரா, எந்திரமா?

சேலத்தில் எங்கள் வாசகர் வட்டம் மொழிபெயர்ப்பில் வந்த அரசியல் நூல்களை ஒலிநூலாக்கும் வேலையைக் கையில் எடுத்திருக்கிறது. முதல் சுற்றுக்கு நான்கு நூல்கள். மார்க்சும் எங்கெல்சும் 1848இல் வெளியிட்ட கம்யூனிஸ்ட் கட்சி அறிக்கை, காந்தி 1909இல் எழுதிய ‘ஹிந்த் ஸ்வராஜ்’, பகத்சிங் 1930இல் லாகூர்ச் சிறையில் எழுதிய ‘நான் ஏன் நாத்திகன்’, அம்பேத்கரின் 1936ஆம் ஆண்டு ‘சாதி ஒழிப்பு’. இவற்றோடு அரசியல் நிர்ணய சபை உரைகளின் தமிழாக்கத் தொகுப்புகளையும் பிறகு எடுக்கலாம் என்று பேச்சு. இப்போது முடிவு செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஆட்களை வைத்து வாசிப்பதா, செயற்கை நுண்ணறிவுக் குரலிடம் கொடுத்துவிடுவதா?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லா நூலுக்கும் ஒரே பதில் கிடையாது. ஒரு நூலுக்குள் எத்தனை பேர் பேசுகிறார்கள், அவர்களைக் காதால் பிரித்தறிய முடிகிறதா என்பதை வைத்து நூலுக்கு நூல் முடிவெடுக்க வேண்டும். செலவும் நேரமும் அதற்கு அடுத்த கேள்விகள்.

யார் கேட்கப் போகிறார்கள் என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். செவ்வாய்ப்பேட்டையிலும் சிவதாபுரத்திலும் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளில் நாள் முழுக்க உட்கார்ந்து வேலை செய்கிறவர்களுக்குக் கை ஒழியாது, காது ஒழிந்திருக்கும். பாட்டும் பட்டிமன்றமும் கேட்டுக்கொண்டே கண்ணி சேர்ப்பவர்கள் அவர்கள். விசைத்தறிக் கூடத்தில் இது நடக்காது, அந்தச் சத்தத்தில் எந்தக் குரலும் எடுபடாது. கைத்தறிக்காரர் கேட்கலாம். ஏற்காட்டில் காப்பித் தோட்டங்களில் இருக்கும் எங்கள் நண்பர்கள் மாலையில் வீடு திரும்பிய பிறகு கேட்கிறவர்கள். இவர்களைத் தவிரப் பார்வையற்ற வாசகர்கள் இருக்கிறார்கள், கண் மங்கிய பெரியவர்கள் இருக்கிறார்கள்.

அரசியல் எழுத்தைக் காதால் படிப்பது இங்கே புதிதும் இல்லை. ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிக்க, சுற்றி உட்கார்ந்து மற்றவர்கள் கேட்ட டீக்கடைகளும் படிப்பகங்களும் இந்த ஊரிலும் இருந்தன. 1944 ஆகஸ்டில் நீதிக்கட்சி திராவிடர் கழகம் ஆனது சேலம் மாநாட்டில். 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் மத்தியச் சிறையில் கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ராஜாஜி 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராக இருந்தார். இந்த ஊர்க்காரர்களுக்கு மேலே சொன்ன நூல்கள் தூர தேசத்துக் கதை அல்ல. அதனால்தான் அவற்றை எப்படி வாசிக்கிறோம் என்பதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன்.

எந்திரத்தின் பக்கத்தை முதலில் பார்ப்போம். பழைய கரகரத்த குரலை நினைத்துக்கொண்டு இந்த விவாதத்துக்கு வரக் கூடாது. மைக்ரோசாஃப்ட் தரும் பல்லவி, வள்ளுவர் என்ற இரண்டு தமிழ்க் குரல்கள் ஒரு செய்தி அறிக்கையைத் தடுமாறாமல் வாசிக்கும். ஐஐடி மெட்ராஸில் இயங்கும் ஏஐ4பாரத் ஆய்வகம் தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளுக்கு இலவசமாக எடுத்தாளக்கூடிய குரல் மாதிரிகளை வெளியிட்டிருக்கிறது. ழகரத்தில் நம்மில் பலரைவிட எந்திரம் சுத்தம். தொண்டை கட்டாது, மூன்றாம் மணி நேரத்தில் குரல் இறங்காது. இன்னொரு பெரிய வசதி, திருத்தம். மொழிபெயர்ப்பில் ஒரு வாக்கியம் மாறினால் அந்த வாக்கியத்தை மட்டும் மறுபடி எடுத்து ஒட்டிவிடலாம், ஒட்டு தெரியாது. மனிதர் வாசித்ததில் ஆறு மாதம் கழித்து ஒரு வரியைச் சேர்த்தால், ஜலதோஷமும் அறையும் வேறாக இருப்பது காதுக்கு உடனே தெரிந்துவிடும்.

ஆனால் எந்திரம் வாசிப்பதற்கு முன் நூலை நாம் தயார் செய்து தர வேண்டும். அந்த வேலையை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. பழைய பதிப்புகள் வருடிய படமாகத்தான் கிடைக்கின்றன. 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முந்தைய அச்சில் ணை, லை, னை எல்லாம் பழைய கொம்போடு இருக்கும். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் மென்பொருள் அவற்றில் சறுக்கும். துணைக்காலையும் ரகரத்தையும் குழப்பிக்கொள்வது அதற்கு வாடிக்கை. மனிதர் அந்த இடத்துக்கு வந்ததும் நின்று, பிழையை உணர்ந்து சரியாகப் படித்துவிடுவார். எந்திரம் பிழையையும் அதே நம்பிக்கையோடு வாசித்துவிட்டுப் போகும். ‘1848-இல்’ என்பதை ‘ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தெட்டில்’ என்று சேர்க்காமல், ‘நாற்பத்தெட்டு’ என்று நிறுத்தி ‘இல்’ என்று தனியாகச் சொல்லும். 14ஆம் லூயி, கி.மு., பக்க எண், நட்சத்திரக் குறி எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுத்தாக்கித் தர வேண்டும்.

அப்புறம் பெயர்கள். தமிழில் ககரமும் பகரமும் ஒரே எழுத்தில் பல ஒலி தருபவை. ‘பாரதி’ என்று எழுதியிருந்தால் எப்படிச் சொல்வது என்று நமக்குத் தெரியும், எந்திரமும் பழகியிருக்கிறது. கம்யூனிஸ்ட் அறிக்கையின் மூன்றாம் அத்தியாயத்தில் சிஸ்மோந்தி, புரூதோன், பாபேஃப், சான் சிமோன், ஃபூரியே, ஓவன் என்று வரிசையாக வருவார்கள். முதல் பக்கத்திலேயே மெட்டர்னிக்கும் கீஸோவும் வந்துவிடுவார்கள். ‘புரூதோன்’ என்பதில் முதல் எழுத்து வல்லொலியா மெல்லொலியா என்பது தமிழ் எழுத்தைப் பார்த்தால் தெரியாது. இதற்கு மனித வாசகரும் ஒரு பெயர்ப் பட்டியலை வைத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அவரிடம் ஒரு முறை சொன்னால் போதும், எந்திரத்துக்கு ஒவ்வொரு பெயரையும் ஒலிக்கு ஏற்றபடி மாற்றி எழுதித் தர வேண்டியிருக்கிறது.

இவை எல்லாம் உழைத்தால் தீரும் குறைகள். என்னைத் தயங்க வைப்பது வேறு.

அரசியல் நூலில் ஆசிரியர் எப்போதும் தன் கருத்தை மட்டும் சொல்லிக்கொண்டிருப்பதில்லை. எதிராளி சொல்வதையும் எடுத்து வைக்கிறார், சில நேரம் எதிராளியின் குரலிலேயே பேசுகிறார், பிறகு பதில் தருகிறார். அச்சில் மேற்கோள் குறி அதைக் காட்டிவிடுகிறது. காதுக்கு மேற்கோள் குறி கிடையாது. தமிழில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. பேசியவர் யார் என்பதை நம் மொழி பெரும்பாலும் கடைசியில்தான் சொல்லும். முழுக் குற்றச்சாட்டும் ஓடி முடிந்த பிறகுதான் ‘என்று கூச்சலிடுகிறார்கள்’ என்று வரும். கம்யூனிஸ்ட் அறிக்கையின் இரண்டாம் அத்தியாயம் முழுக்க இந்த ஆட்டம்தான். குடும்பத்தை ஒழிக்கப் போகிறார்கள், நாட்டை ஒழிக்கப் போகிறார்கள், பெண்களைப் பொதுவாக்கப் போகிறார்கள் என்று எதிரிகள் சொல்லும் குற்றச்சாட்டுகளை மார்க்ஸ் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுப் பதில் சொல்கிறார். முன்பே படித்துப் பார்த்த மனித வாசகர், அந்த வாக்கியத்தின் முதல் சொல்லிலேயே இது எதிராளியின் பேச்சு என்பதைத் தொனியில் காட்டிவிடுவார். எந்திரம் அதைக் கொள்கை முழக்கத்தைப் போல நிமிர்ந்து சொல்லும். கடைசிச் சொல் வருவதற்குள் கொலுசுக்காரர் பற்றவைப்பு ஊதலை எடுக்கத் திரும்பியிருந்தால், மார்க்ஸ் எதை மறுத்தாரோ அதையே அவர் சொன்னதாக எண்ணிக்கொள்வார். ஒரு கதையில் இப்படி நடந்தால் சுவை குறையும். அரசியல் நூலில் நடந்தால் ஆசிரியர் மேல் பொய் சொன்ன மாதிரி ஆகிவிடும்.

எங்கள் வட்டத்தில் ஒரே பகுதியை இரண்டு விதமாகவும் பதிவு செய்து, எது எந்தக் குரல் என்று சொல்லாமல் பட்டறை நண்பர்களுக்குப் போட்டுக் காட்டினோம். குரல் இனிமையில் எந்திரத்துக்கு யாரும் குறை சொல்லவில்லை. ‘சாதி ஒழிப்பு’ நூலின் பின்பகுதிக்கு வந்தபோதுதான் ஒரு தம்பி கேட்டார்: “ஏண்ணா, இப்ப பேசுறது காந்தியா, அம்பேத்கரா?”

அந்தக் கேள்வி வந்தது நியாயம். அந்த நூலின் அமைப்பு அப்படி. லாகூரில் ஜாத்-பாத்-தோடக் மண்டல் என்ற சாதி எதிர்ப்பு அமைப்பின் மாநாட்டுக்குத் தலைமையுரையாக அம்பேத்கர் அதை எழுதினார். உரையை முன்பே பார்த்த அமைப்பாளர்கள் சில பகுதிகளை மாற்றச் சொன்னார்கள். அவர் மறுத்துவிட்டார், மாநாடும் நடக்கவில்லை. 1936 மே மாதத்தில் தன் செலவிலேயே 1,500 படிகள் அச்சிட்டார். காந்தி ‘ஹரிஜன்’ இதழில் அதற்கு விமர்சனம் எழுதினார். 1937இல் வந்த இரண்டாம் பதிப்பில் காந்தியின் விமர்சனத்தையும் அதற்குத் தன் பதிலையும் அம்பேத்கர் சேர்த்துக்கொண்டார். பெரியாரின் ‘குடி அரசு’ இந்த உரையைச் சூட்டோடு சூடாகத் தமிழுக்குக் கொண்டுவந்தது. ஆக, ஒரே நூலுக்குள் உரை, அதற்கு எதிர்ப்பு, எதிர்ப்புக்குப் பதில் என்று மூன்று அடுக்கு. பதில் பகுதியில் அம்பேத்கர் காந்தியின் வாதங்களை எடுத்துச் சொல்லித்தான் மறுக்கிறார். ஒரே எந்திரக் குரல் மூன்றையும் ஒரே சமனில் ஓட்டிக்கொண்டு போனால் வாதம் கூழாகிவிடும்.

குரலை மாற்றிக் கொடுக்கலாமே என்றால், கொடுக்கலாம். காந்தி பகுதிக்கு ஒரு எந்திரக் குரல், அம்பேத்கர் பகுதிக்கு இன்னொன்று. மூன்று அடுக்கு வெளியே தெரியும். பதிலுக்குள்ளே எடுத்துச் சொல்லும் எதிர்வாதம் அப்போதும் தெரியாது. இந்த நூலுக்கு மனிதர்தான் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மேடைக்காக எழுதி மேடை ஏறாத பேச்சு அது. அதில் வரும் ‘நீங்கள்’ லாகூரில் கூட்டத்துக்கு வந்திருக்க வேண்டிய சாதி இந்துச் சீர்திருத்தக்காரர்களைப் பார்த்துச் சொன்னது. இன்று சேலத்தில் ஒருவர் அதை வாசிக்கும்போது, எதிரில் இருக்கும் ஒருவரைப் பார்த்துக் கேட்கிற கேள்வியாக அது ஒலிக்க வேண்டும்.

இந்த நூலில் அம்பேத்கர் பகுதியை ஒரு பெண் வாசிக்க வேண்டும் என்பது என் ஆசை. அம்பேத்கரைப் போலப் பேச முயல்கிற ஆண் குரலைவிட, இது வாசிப்பு என்று தெளிவாகத் தெரியும் குரல் நேர்மையானது. இதே காரணத்துக்காகத்தான், மறைந்த தலைவரின் குரலையே எந்திரத்தில் உருவாக்கி வாசிக்க வைக்கலாம் என்று வந்த யோசனையை நான் முற்றிலும் எதிர்க்கிறேன். 2024 தேர்தல் காலத்தில் மறைந்த தலைவர்கள் திரையில் பேசியதை நாம் பார்த்தோம். அம்பேத்கர் இந்தத் தமிழ் வாக்கியங்களை எழுதவில்லை, மொழிபெயர்ப்பாளர் எழுதினார். அம்பேத்கர் குரலில் அவை ஒலித்தால், நடக்காத ஒன்றுக்குச் சாட்சியை நாமே தயாரித்தவர்கள் ஆவோம். பத்து ஆண்டுகள் கழித்து அந்தக் கோப்பு எந்த விளக்கமும் இல்லாமல் கைபேசியில் சுற்றும்.

‘ஹிந்த் ஸ்வராஜ்’ கதை வேறு. இங்கிலாந்திலிருந்து தென்னாப்பிரிக்கா திரும்பும் கில்டோனன் காசில் கப்பலில், வலது கை வலித்தால் இடது கையால் எழுதி, பத்து நாளில் காந்தி முடித்த குஜராத்தி நூல் அது. 1910இல் பம்பாய் அரசு தடை செய்தது. இருபது அத்தியாயமும் உரையாடல். வாசகர் கேட்கிறார், ஆசிரியர் பதில் சொல்கிறார். அவசரக்காரரான வாசகர் சுருக்கமாகக் கேட்பார், ஆசிரியர் நிதானமாக நீட்டிச் சொல்வார். யார் பேசுகிறார் என்று நூலே ஒவ்வொரு முறையும் பெயர் போட்டுச் சொல்லிவிடுகிறது. இரண்டு எந்திரக் குரலை வைத்துச் செய்தால் இந்தப் பட்டியலிலேயே நன்றாக வரக்கூடியது இதுதான். பல்லவியையும் வள்ளுவரையும் எதிரெதிரே உட்கார வைத்து எடுத்த ஒரு அத்தியாயம், கடைசி வரை உட்கார்ந்து கேட்கும்படி இருந்தது. இரண்டு நல்ல மனிதக் குரல் கிடைத்தால் அது இன்னும் மேல்தான். கிடைக்கவில்லை என்பதற்காக இந்த நூலைத் தள்ளிப் போட வேண்டாம்.

பகத்சிங் கட்டுரையில் எனக்கு விவாதமே இல்லை. சிறியது, முழுக்க ‘நான்’ என்று தன்மையில் எழுதியது. 23 வயதில், தூக்கு உறுதி என்று தெரிந்த பிறகு எழுதியது. அதைத் தமிழாக்கியதற்காகக் கம்யூனிஸ்ட் தலைவர் ஜீவா (ப. ஜீவானந்தம்) சிறைக்குப் போனார். நம் வட்டத்திலேயே அந்த வயதில் கல்லூரிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரே அமர்வில் வாசித்து முடிக்கக்கூடிய அளவு. இதற்கு எந்திரத்தைத் தேடிப் போக ஒரு காரணமும் இல்லை.

மனிதர் வாசிப்பதில் உள்ள குறைகளையும் மறைக்கக் கூடாது. நம் ஊரில் அரசியல் நூலைக் கையில் கொடுத்தால் பலருக்கு மேடைக் குரல் வந்துவிடுகிறது. ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோ இருந்த ஊர் இது, வசனம் பேசுவதில் நமக்குத் தனிப் பிரியம். ஆனால் இரண்டு மணி நேரம் உச்சக் குரலைக் காது தாங்காது. வாதத்தைப் பின்தொடரவும் விடாது. கட்சிக்காரர் வாசித்தால் தனக்குப் பிடித்த வரியில் அழுத்தமும் பிடிக்காத வரியில் வேகமும் தானாக வரும். இதற்கு மருந்து ஆள் தேர்வுதான். மேடைப் பேச்சாளரை விட்டுவிட்டு, வகுப்பில் பாடம் வாசித்துக் காட்டிப் பழகிய ஆசிரியரைத் தேடுங்கள். கூட ஒருவர் அச்சுப் பிரதியை வைத்துக்கொண்டு வரிக்கு வரி கேட்க வேண்டும்.

எந்திரம் நடுநிலையாக வாசிக்கும் என்பது வட்டத்தில் பலமுறை வந்த வாதம். சமமான தொனியை நடுநிலை என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். கிண்டலையும் முழக்கத்தையும் ஒரே மாதிரி வாசித்தால் கிண்டல் காணாமல் போகிறது, நூல் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுகிறது.

நேரக் கணக்கு: முடிந்த ஒலி ஒரு மணி நேரத்துக்கு, வாசிப்பு, வெட்டி ஒட்டுதல், சரிபார்ப்பு எல்லாம் சேர்த்து ஆறு மணி நேர உழைப்பு என்பது ஒலிநூல் துறையில் பொதுவாகச் சொல்லும் அளவு. எந்திரத்தில் வாசிப்பு நேரம் மிச்சம். முன்தயாரிப்பும் முழுக்கக் கேட்டுச் சரிபார்ப்பதும் மிச்சமாகாது. காசு கொடுத்து வாங்கும் குரல் சேவைகள் பலவும் எழுத்தை எண்ணித்தான் கட்டணம் போடுகின்றன. தமிழில் அந்த எண்ணிக்கை நாம் நினைப்பதைவிட ஏறும். ‘தமிழ்’ நமக்கு மூன்று எழுத்து, கணினிக்கு ஐந்து குறி. விலை விசாரிக்கும்போது இதைக் கவனியுங்கள்.

பதிவுக்கு இடம்: நகரத்தில் பேருந்து ஆரனும் தறிச் சத்தமும் சுவரைத் துளைத்து வருகின்றன. ஏற்காட்டில் நண்பர் தோட்டத்து அறை ஒன்று தருகிறேன் என்கிறார். மலை அமைதி என்று நம்பிப் போய்விட முடியாது. மழைக்காலத்தில் தகரக் கூரை பேசவிடாது, சாயங்காலம் சில்வண்டு தொடங்கிவிடும், சனி ஞாயிறில் சுற்றுலா வண்டிகள். காப்பிப் பழம் பறித்து முடிந்த பிறகு, மே மாதக் கோடை விழாக் கூட்டம் வருவதற்கு முன், வார நாட்களின் காலை நேரம்தான் சரி. சுவரோரம் இலவம்பஞ்சு மெத்தையை நிறுத்தி வைத்தால் எதிரொலி அடங்கும்.

உரிமை விஷயத்தில் மனிதர், எந்திரம் என்ற வேறுபாடு இல்லை. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை. மொழிபெயர்ப்பாளருக்கும் அது தனியாக உண்டு. காந்தி, அம்பேத்கர் மூலங்கள் இப்போது பொதுவானவை, ஆனால் புதிய தமிழாக்கங்கள் அப்படி அல்ல. ஜீவா 1963 ஜனவரியில் மறைந்ததால் அவருடைய தமிழாக்கத்துக்கான காலம் 2023 முடிவோடு கழிந்துவிட்டது. மற்றவற்றுக்குப் பதிப்பாளரிடமும் மொழிபெயர்ப்பாளரிடமும் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். எந்திரக் குரல் என்றால் அதையும் சொல்லிக் கேட்க வேண்டும். வாசித்த மனிதருக்கும் தன் வாசிப்பின் மேல் 50 ஆண்டுகள் உரிமை உண்டு. அவர் குரலை எந்திரத்துக்குப் பயிற்சியாகக் கொடுக்கக் கூடாது என்பதை ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள்.

பார்வையற்ற வாசகர்களைக் காக்க வைக்கக் கூடாது. அவர்களில் பலர் எந்திரக் குரலை இரட்டை வேகத்தில் கேட்டுப் பழகியவர்கள். மனித வாசிப்பு வரும் வரை காத்திருப்பதைவிட, சுத்தமாகத் திருத்திய எழுத்துக் கோப்பை உடனே கொடுப்பதுதான் அவர்களுக்கு உதவி. 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தில் செய்த திருத்தம், மாற்றுத்திறனாளிகள் படிக்கத்தக்க வடிவில் நூலைத் தருவதற்கு இடம் கொடுக்கிறது. நாம் எழுத்துக் கோப்பைத் தயார் செய்தாலே அவர்கள் தங்களுக்குப் பிடித்த குரலில் கேட்டுக்கொள்வார்கள்.

ஆகவே என் பரிந்துரை இப்படி. பகத்சிங் முதலில், இளைஞர் ஒருவர் வாசிக்கட்டும். ‘சாதி ஒழிப்பு’க்கு இரண்டோ மூன்றோ மனிதக் குரல்கள். முக்கிய உரைக்கும் பதிலுக்கும் வேறு வேறு ஆள் இருந்தாலும் சரி, காந்தி பகுதிக்குக் கட்டாயம் தனி ஆள். கம்யூனிஸ்ட் அறிக்கையின் நான்கு அத்தியாயமும் மனிதர். 1872 முதல் 1893 வரை பல மொழிப் பதிப்புகளுக்கு எழுதிய ஏழு முன்னுரைகளையும் அடிக்குறிப்புகளையும் எந்திரத்துக்குக் கொடுத்துத் தனிக் கோப்புகளாக வைக்கலாம். தேவைப்படுகிறவர் தேடிக் கேட்பார். ‘ஹிந்த் ஸ்வராஜ்’ இரு எந்திரக் குரலில் தொடங்கட்டும், ஆள் கிடைத்ததும் மாற்றலாம். அரசியல் நிர்ணய சபை உரைகள் எந்திரத்துக்கே. அளவு பெரிது, ஒவ்வொரு உரைக்கும் முன்னால் பேசியவர் பெயரும் தேதியும் இருக்கிறது, ஆய்வாளரும் மாணவரும் வேண்டிய பக்கத்தை மட்டும் தேடிக் கேட்கிற நூல் அது.

எந்தக் கோப்பாக இருந்தாலும் தொடக்கத்தில் நூலின் பெயர், மூலம் வந்த ஆண்டு, மொழிபெயர்ப்பாளர், எந்தப் பதிப்பு, வாசித்தவர் அல்லது எந்திரக் குரலின் பெயர் ஆகியவற்றை ஒலியிலேயே சொல்லிவிட வேண்டும். கோப்பின் விவரக் குறிப்பில் மட்டும் எழுதினால் வாட்ஸ்அப்பில் ஒரு கை மாறியதும் போய்விடும். வருகிற கூட்டத்துக்கு வருகிறவர்கள் பெயர்ப் பட்டியலில் ஆளுக்கு ஒரு அத்தியாயத்தை எடுத்துக்கொண்டு, அதில் வரும் வெளிநாட்டுப் பெயர்களின் உச்சரிப்பை விசாரித்து எழுதிக்கொண்டு வந்தால் வேலையைத் தொடங்கிவிடலாம்.